எல்டர்மியரின் இருபதாவது அமெரிக்கர்

அமெரிக்காவில் சம்யுக்தா செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அங்கே பிறந்தாள். அதைச் செய்து முடித்த ஏழாவது மாதத்தில், ஒஹாயோ மாநிலத்தில் அப்பா சேதுராமனின் வேலை ஒப்பந்தம் முடிந்துபோக, அவளைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பெற்றோர் கிளம்பிவிட்டார்கள். திருச்சியில் ஒரு மாதம் இருந்தார்கள். பிறகு அமீரகத்தின் கடலோர ஊரான புஜைரா. அன்றிலிருந்து பதினேழு வருஷமாக அவளுக்கு ஊர், கடல், பள்ளிக்கூடம், வெயில் எல்லாமே புஜைராதான்.

பாஸ்போர்ட் மட்டும் நீல நிறத்தில் கழுகுப் படத்தோடு இருந்தது. அம்மா நளினி அதை நகைகளோடு சேர்த்துப் பூட்டி வைத்திருந்தாள். பின்னால் உதவும் என்று சேதுராமன் சொல்லுவார். எதற்கு உதவும் என்று யாரும் கேட்டதில்லை. அவரும் யோசித்ததில்லை.

சேதுராமனுக்கு எண்ணெய்க் கிடங்கில் பெர்மிட் எழுதும் வேலை. ஒரு டாங்கிக்குள் ஆள் இறங்கவேண்டுமா, குழாயில் வெல்டிங் வைக்கவேண்டுமா, அவர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். ஒருமுறை ஒரு கையெழுத்தின் வால் வழக்கத்தைவிட நீளமாக இருந்ததைப் பார்த்து, நாற்பது பேர் செய்யும் வேலையை அரைநாள் நிறுத்தியவர். படிவங்களை அவர் நம்பினார். ஒழுங்காக நிரப்பப்பட்ட படிவத்தை எந்த நாட்டு அரசாங்கமும் மறுக்காது என்பது அவர் வாழ்க்கையில் கண்டறிந்த உண்மை.

அந்த வருஷம் செப்டம்பரில், கம்பெனி அவரைக் கூப்பிட்டு, அடுத்த ஆகஸ்டோடு வேலை முடிகிறது என்று சொல்லிவிட்டது. வேலை போனால் விசா போகும். அவர் விசா போனால் நளினியின் விசாவும் சம்யுக்தாவின் விசாவும் கூடவே போகும். பெற்றவர்கள் திருச்சிக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். சம்யுக்தாவும் போகலாம், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கென்று ஓர் அட்டை உண்டு. ஆனால் அங்கே கல்லூரிப் படிவத்தில் அவள் வெளிநாட்டவர். அமெரிக்காவிலோ அவள் உள்நாட்டவர், தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. மூன்று இரவு யோசித்துவிட்டு, பிரிட்டன் நடுவில் இருக்கிறது என்றார் சேதுராமன். வரைபடத்தைப் பார்த்தால் அது உண்மைதான்.

இப்படித்தான் அவள் இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் எல்டர்மியர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்க விண்ணப்பித்தாள். இணையதளத்தில் நாடு என்ற இடத்தில் அமெரிக்கா என்று போட்டதும், அமெரிக்கப் பள்ளித் தேர்வுகளின் பட்டியல் ஒன்று விரிந்தது. அதில் அவள் எழுதப்போகும் சி.பி.எஸ்.இ. தேர்வு இல்லை. படித்த இடம் என்ற பகுதிக்குப் போய் இந்தியப் பாடத்திட்டம் என்று போட்டாள். திரை சிவந்தது. உங்கள் சொந்த நாட்டில் படிக்காததன் காரணத்தை நூறு எழுத்துகளுக்குள் கூறவும் என்றது. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது வெளியேறிவிட்டேன் என்று எழுதினாள். திரை ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு கேட்டது: இந்த முடிவை எடுத்தது நீங்கள்தானா? ஆம் அல்லது இல்லை.

இல்லை என்று போட்டால் சொந்தமாக முடிவெடுக்கத் தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்று அவளுக்குப் பயம். ஆம் என்று போட்டால் பொய். மூலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றார். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து, திரை தானாகவே ஆம் என்று எடுத்துக்கொண்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டதுபோல் இருந்தது. அந்த எண்ணம் அடுத்த பதினொரு மாதத்துக்கு விடவில்லை.

விஷயம் கைமீறிப் போகிறது என்று சேதுராமன் அவளை துபாய் கராமாவில் இருக்கும் ஒரு கல்வி ஆலோசகரிடம் அழைத்துப் போனார். ஜூஸ் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். பெயர் ரவிசங்கர். சுவர் முழுக்கப் பழைய கோட்டைகள்போன்ற பல்கலைக்கழகக் கட்டடங்களின் படங்கள். எதற்குள்ளும் அவர் போனதில்லை என்றாலும் ஒவ்வொன்றையும் செல்லப்பெயர் வைத்துத்தான் சொன்னார்.

விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு கட்டுரை கொடுக்கவேண்டும். அதன் சூட்சுமத்தை அவர் விளக்கினார்.

"பாரும்மா, அமெரிக்கால அப்ளை பண்றவங்க தன்னைப் பத்திப் பீத்திக்கணும். பிரிட்டன்ல அப்ளை பண்றவங்க தன்னைப் பத்தி மூச்சே விடக்கூடாது, சப்ஜெக்டைப் பத்தித்தான் பேசணும். நீ அமெரிக்கப் பொண்ணு, பிரிட்டனுக்கு அப்ளை பண்றே. அதனால ஒரு வரி பீத்திக்கணும், அடுத்த வரியில அதுக்கு வெக்கப்படணும்."

சம்யுக்தா எழுதிக்கொண்டு போயிருந்தது தார் உருண்டைகளைப் பற்றி. புஜைராவுக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களில் சில, நடுக்கடலில் டாங்கியைக் கழுவிவிட்டுப் போகும். இரண்டு நாள் கழித்துக் கரையில் கறுப்பு உருண்டைகள் ஒதுங்கும். ஆறு வயதில் அதை மிதித்துவிட்டு வந்து, அம்மா தேங்காய் எண்ணெய் போட்டு உள்ளங்காலைத் தேய்த்தபோதுதான் அவளுக்கு முதல் கேள்வி வந்தது. தண்ணீருக்குப் போகாதது எண்ணெய்க்கு ஏன் போகிறது? அன்று முதல் உருண்டைகளைப் பொறுக்கி ஜாம் பாட்டில்களில் போட்டுத் தேதி ஒட்டி வைத்திருந்தாள். ஐம்பத்தேழு பாட்டில். எந்த உருண்டை எந்தக் கப்பலின் எண்ணெய் என்று சொல்லக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பது அவள் ஆசை.

ரவிசங்கர் மரியாதையாக முழுவதையும் படித்தார். பிறகு தார் வேண்டாம் என்றார். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம் என்றார். கப்பல் இருக்கலாம், ஆனால் அது எதையும் கொட்டக்கூடாது. கடைசியில் முதல் வரியை அவரே சொன்னார்: சிறு வயது முதலே மூலக்கூறுகள் என்னை வியப்பில் ஆழ்த்தி வந்துள்ளன.

மூன்று வாரத்தில் எல்டர்மியரிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் வியப்பு ஏற்கெனவே நாற்பத்தொரு விண்ணப்பங்களில் பதிவாகியுள்ளது, பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் அளிக்காவிட்டால் விண்ணப்பம் மூடப்படும் என்று இருந்தது. ரவிசங்கருக்குப் போன் போட்டால் மீட்டிங்கில் இருந்தார். பதினான்கு நாளும் இருந்தார். சம்யுக்தா மன்னிப்புக் கேட்டு, தான் முதலில் எழுதிய தார்க் கட்டுரையை அனுப்பினாள். அதற்கும் பதில் வந்தது. இக்கட்டுரை வேறு எவருடையதையும் ஒத்திருக்கவில்லை. இது எங்கள் தீவிரக் கவனத்துக்கு உள்ளாகியிருக்கிறது.

அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. நல்லதா கெட்டதா என்று நளினி கேட்டாள். மகள் அழ ஆரம்பித்ததால் கெட்டது என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்து ஆசிரியர் பரிந்துரை. சம்யுக்தாவின் வேதியியல் ஆசிரியை மதீனா பீவி, காயல்பட்டினத்துக்காரர். இருபத்திரண்டு வருஷமாக அந்த இந்தியப் பள்ளியில் பாடம் எடுக்கிறார். பாராட்டு விஷயத்தில் கைச்சிக்கனம். நூற்றுக்கு நூறு வாங்கியவனிடம் பரவாயில்லை என்பார், அவன் வீட்டில் அன்று பாயசம் வைப்பார்கள். அவர் எழுதிக் கொடுத்தது நான்கு வரி. சம்யுக்தா நல்ல மாணவி. கேள்வி கேட்பாள். இதுவரை இரண்டு பேரை நம்பித்தான் ஆய்வகச் சாவியைக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒருத்தி இவள்.

எல்டர்மியரில் அமெரிக்க விண்ணப்பங்களுக்கென்று ஒரு விதி இருந்தது. அமெரிக்க ஆசிரியர்கள் எல்லா மாணவரையும் தலைமுறைக்கு ஒருவர் என்று எழுதுவதால், பரிந்துரையில் வரும் ஒவ்வொரு புகழ்ச்சியையும் இரண்டு படி இறக்கித்தான் கணக்கில் எடுப்பார்கள். மாமேதை என்று இருந்தால் கெட்டிக்காரர். கெட்டிக்காரர் என்று இருந்தால் சுமார். மதீனா பீவி எழுதிய நல்ல மாணவி இரண்டு படி இறங்கியபோது, வகுப்பில் பெரும்பாலும் இருந்தாள் என்று ஆகிவிட்டது. ஆய்வகச் சாவி வேறு பிரிவுக்குப் போய், ரசாயனப் பொருட்களை அணுகும் வாய்ப்புள்ளவர் என்று பாதுகாப்புக் குறிப்பாகத் திரும்பி வந்தது.

இதையெல்லாம் தெரிவித்த எல்டர்மியர் கடிதத்தை எடுத்துக்கொண்டு சம்யுக்தா ஆய்வகத்துக்குப் போனாள். மதீனா பீவி நின்றுகொண்டே ஒருமுறை படித்தார், உட்கார்ந்து ஒருமுறை படித்தார்.

"நான் உன்னக் கெடுத்துட்டேனா புள்ள?"

இல்லை மிஸ் என்றாள் சம்யுக்தா.

"இருவத்திரெண்டு வருசத்துல ஒருத்தரையும் நான் இல்லாததச் சொல்லி எழுதுனதில்ல. நீ கொஞ்சம் அந்தப் பக்கம் பாரு."

சம்யுக்தா திரும்பி நின்று, ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் விசைப்பலகை சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. அந்தப் புதிய பரிந்துரையில், இத்தகைய மூளை இரு நூற்றாண்டுகளுக்கு ஒருமுறையே தோன்றும், இவளைக் கற்பித்ததால் நான் வேதியியலை மறுபடி கற்றேன் என்று இருந்ததாகப் பிறகு தெரிந்தது. ஒரு வாரத்தில் எல்டர்மியரின் பதில் வந்தது. விதிப்படி இறக்கியபின் உங்கள் பரிந்துரை ஏற்றுக்கொள்ளப்பட்டது: நல்ல மாணவி.

மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோதுதான் எல்லாவற்றிலும் பயங்கரமான கடிதம் வந்தது. சம்யுக்தா சேதுராமன் என்ற பெயரில் மூன்று பேர் விண்ணப்பித்திருப்பதாகவும், மூவருக்கும் ஒரே பிறந்த தேதி என்றாலும் ஒருவர் அமெரிக்கர், ஒருவர் வளைகுடாவாசி, ஒருவர் இந்தியப் பாடத்திட்ட மாணவி என்றும், இருப்பது ஓரிடம் என்பதால் போட்டி கடுமையாக இருக்கும் என்றும் எல்டர்மியர் வருத்தத்தோடு தெரிவித்தது. மூவருக்கும் துபாயில் ஒரு ஹோட்டலில் நேர்முகத் தேர்வு. பத்து மணி, பத்து இருபது, பத்து நாற்பது.

ஒருத்திதான் என்று விளக்கி ஏழு மின்னஞ்சல் அனுப்பினார் சேதுராமன். போட்டியாளர்களைப் பற்றிய விவரங்களை வெளியாரிடம் பகிர இயலாது என்று ஏழு முறை பதில் வந்தது.

மலைகளைக் குடைந்து போகும் சாலையில் சேதுராமன் காரை ஓட்டினார். நளினி பின்சீட்டில் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஷார்ஜா தாண்டும்போது, மூணு பேர்ல எந்தப் பொண்ணுக்குக் கிடைச்சாலும் சரிதான் என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டுத் தானே பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள்.

ஹோட்டல் அறையில் ஒரு நீள மேஜைக்கு அந்தப் பக்கம் திரு. பென்விக் உட்கார்ந்திருந்தார். எல்டர்மியரின் வளைகுடாத் தொடர்பு இயக்குநர். சிவந்த முகம், அன்பான கண்கள். பத்து மணிக்குச் சம்யுக்தாவின் கையைக் குலுக்கி, பயணம் சுகமாக இருந்ததா என்று கேட்டார். அமெரிக்கர் என்பதால் ஆங்கிலத் தேர்வு தேவையில்லை, உங்கள் ஆங்கிலம் அருமை என்றார். பிறகு, படிப்பு முடிந்ததும் எந்த நாட்டுக்குத் திரும்பிப் போவீர்கள் என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு ரவிசங்கர் ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். அவளுக்கு அது மறந்துவிட்டது. புஜைராவில் வீடு இருக்காது. திருச்சியில் அவள் வெளிநாட்டவர். ஒஹாயோவை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"தெரியாது சார்," என்றாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். பென்விக் மலர்ந்துபோய்க் குறித்துக்கொண்டார்.

"அற்புதம். எங்கள் பட்டதாரிகளில் பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. உலகக் குடிமக்களை உருவாக்குகிறோம் என்று அதைத்தான் ஆண்டறிக்கையில் போடுகிறோம்."

பத்து பதினெட்டுக்கு வெளியே அனுப்பினார். பத்து இருபதுக்கு உள்ளே கூப்பிட்டார். எழுந்து நின்று கையைக் குலுக்கி, தன் பெயரைச் சொல்லி, பயணம் சுகமாக இருந்ததா என்று கேட்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு என்பதற்கு அதில் ஓர் அடையாளமும் இல்லை. இப்போதுதானே சார் வந்தேன் என்று ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தி, மற்ற போட்டியாளர்களின் நேர்முகத்தைப் பற்றி இங்கே பேசுவது முறையல்ல என்று மென்மையாகச் சொன்னார். வளைகுடாவாசி என்ற முறையில் அவள் சொன்ன பதில்கள் திருப்தியாக இல்லை. பத்து நாற்பதுக்கு இந்திய மாணவியாகப் போனபோது ஆங்கிலத் தேர்வுச் சான்றிதழ் எங்கே என்றார். நாற்பது நிமிடமாக உங்களோடு ஆங்கிலத்தில்தானே பேசிக்கொண்டிருக்கிறேன் என்றாள் சம்யுக்தா.

"அது அந்த அமெரிக்கப் பெண்ணின் ஆங்கிலம்," என்றார் பென்விக் வருத்தத்தோடு. "அதை நீங்கள் பயன்படுத்த முடியாது."

பதினொரு மணிக்குப் பெற்றோரையும் உள்ளே அழைத்து, முடிவை அங்கேயே அறிவித்தார். மூவரில் அமெரிக்கர் வெற்றி பெற்றிருக்கிறார். போட்டி நெருக்கமாக இருந்தது. தோற்றவர்களும் நல்ல பெண்கள். நளினி எந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பது என்று தெரியாமல் சிரித்தாள்.

"உங்களிடம் மனம்விட்டுச் சொல்கிறேன்," என்றார் பென்விக். "இந்த ஆண்டு எங்களுக்கு இருபது அமெரிக்கர்கள் வேண்டும். எங்கள் தகவலேட்டில் இருபது என்று ஏற்கெனவே அச்சடித்துவிட்டோம். பத்தொன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். மாணவரின் திறமையைப் பார்த்து எடுக்கும் காலம் ஒன்று இருந்தது. மிகவும் அநீதியான காலம். யாரை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இப்போது எல்லாம் வெளிப்படை. எத்தனை பேர், எந்த நாடு, எந்த நிறம் என்று வசந்தகாலத்திலேயே எங்களுக்குத் தெரியும். பெயர்களை மட்டும் கோடையில் நிரப்பிக்கொள்கிறோம்."

ஒரே ஒரு சிக்கல் என்றார். அமெரிக்கப் பெண்ணிடம் மதிப்பெண் எதுவும் இல்லை. மதிப்பெண் வரப்போவது இந்தியப் பாடத்திட்டப் பெண்ணுக்கு. அவர் தன் மதிப்பெண்ணை அமெரிக்கருக்கு விட்டுக்கொடுத்து விலகுவதாகக் கையெழுத்திட வேண்டும், அமெரிக்கர் நன்றியோடு பெற்றுக்கொள்வதாகக் கையெழுத்திட வேண்டும். படிவத்தை நீட்டினார். சம்யுக்தா பேனாவை எடுத்தபோது, மறந்ததை நினைத்துக்கொண்டவர்போல நிறுத்தினார். இரண்டு கையெழுத்தும் ஒன்றுபோல் இருந்தால் மோசடி என்று கணினி எடுத்துக்கொள்ளும். வேறு வேறாக இருப்பது நல்லது. பொதுவாக எல்லாரும் இடது கையை உபயோகிப்பார்கள்.

சம்யுக்தா அப்பாவைப் பார்த்தாள். கையெழுத்தின் வால் நீண்டதற்காக நாற்பது பேரின் வேலையை நிறுத்தியவர், படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம், எழுந்திரு என்று சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள். சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள். சொல்லமாட்டாரோ என்று அதைவிடப் பயந்தாள். அவருடைய பதவி முடிய ஐந்து மாதமும் சில நாட்களும் இருந்தன.

சேதுராமன் மேஜைக்கு அருகில் வந்தார். குனிந்து, காகிதம் நழுவாமல் இரண்டு விரலால் மூலையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாப் போடு," என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வலது கையால் அமெரிக்கப் பெண் கையெழுத்திட்டாள். இடது கையால் புஜைராவில் படித்த பெண் கையெழுத்திட்டாள். இரண்டாவது கையெழுத்து ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை போட்டதுபோல் கோணலாக வந்தது. பென்விக் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வெவ்வேறு ஆளுமைகள் என்று பாராட்டினார். திரும்பும் வழியில் சேதுராமன் ஒரு பெட்ரோல் பங்க்கில் காரை நிறுத்திவிட்டு, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

மே மாதம் மதிப்பெண் வந்தது. தொண்ணூற்றாறு சதவீதம். விலகிக்கொண்ட பெண்ணுக்கு எல்டர்மியர் ஓர் ஆறுதல் கடிதம் அனுப்பியது, மனம் தளராமல் வேறு எங்காவது முயலும்படி. அமெரிக்கப் பெண்ணுக்கு இடம் உறுதியானது.

செப்டம்பரில் விசா ரத்தாகி, மிச்சம் கிடைத்த சில வாரங்களும் தீரும் நேரத்தில், ஒரே நாளில் இரண்டு விமானம். பெற்றோர் திருச்சிக்கு, அவள் மான்செஸ்டருக்கு. நளினி அவள் பையின் ஜிப்பை நான்கு முறை திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா என்று பார்த்தாள். சேதுராமன் அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு, உள்ளே போகக்கூடாத கோடுவரைக்கும் வந்தார்.

"பயமா இருக்கா?"

"இல்லப்பா."

"எனக்கு இருக்கு," என்றார் அவர்.

எல்டர்மியரில் இறங்கிய மூன்றாம் நாள், புதிய அமெரிக்க மாணவர்களுக்கு வரவேற்பு விருந்து. அந்த இரண்டு நாளும் சம்யுக்தா அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. ஒஹாயோவைப் பற்றி மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். தலைநகர், ஆறு, மாநிலப் பறவை, குளிர்காலத்தில் விழும் பனியின் அளவு. நிஜமான அமெரிக்கர்கள் பத்தொன்பது பேர் நடுவில் உட்காரப்போகிறாள். யாராவது ஒருவன் பள்ளிக்கூடம் எது என்று கேட்டால் போதும், கோணல் கையெழுத்துவரை எல்லாம் வெளியே வந்துவிடும். அப்புறம் எங்கே அனுப்புவார்கள்? அனுப்புவதற்கு ஓர் இடம்கூட இல்லையே.

உயரமான கூரை போட்ட மண்டபம். நீள மேஜை. ஒவ்வொரு பர்கரிலும் ஒரு குட்டிக் கொடி குத்தியிருந்தது. இருபது பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. அமெரிக்கர்கள் சத்தமாகப் பேசுவார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். எதிரே தொப்பி போட்ட பையன் ஒருவன், எந்த ஊர் என்று அவளிடம் கேட்டான். ஒஹாயோ என்றாள். அவன் முகம் வெளுத்தது. நல்ல ஊர் என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அவளும் பதிலுக்குக் கேட்கவில்லை.

பக்கத்தில் தலையில் துணி போட்ட பெண் ஒருத்தி. தண்ணீர்க் குவளையை எடுக்கப்போய், கை தவறி மேஜையெல்லாம் கொட்டிவிட்டாள்.

"யா அல்லா, போச்சு," என்று முணுமுணுத்தாள்.

சம்யுக்தாவுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். துடைக்கிற சாக்கில் குனிந்து, தமிழா என்று கேட்டாள். அந்தப் பெண் ஆடிப்போய்விட்டாள். யாரிடமும் சொல்லிவிடாதே என்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அமெரிக்கா இல்லையா?"

"அமெரிக்காதான். புஜைரா."

அந்தப் பெண் பிடித்திருந்த கையை விட்டாள்.

"நான் மாஹிரா. மங்காஃப், குவைத். டெக்சாஸ்ல பொறந்தேன். மொத்தம் நாலு மாசம்." மாஹிரா தொப்பிப் பையனைக் கண்ணால் காட்டினாள். "அவனப் பாத்தாத்தான் பயமா இருக்கு. அவன் நெசம்."

தொப்பிப் பையனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மங்காஃப் என்ற சொல் தெரியும். மெல்லத் தலையைத் தூக்கினான். ஈசா டவுன், பஹ்ரைன் என்றான், குற்றத்தை ஒப்புக்கொள்பவன்போல. அவனுக்கு அடுத்தவள் தோஹா. அதற்கடுத்து உட்கார்ந்திருந்த இரட்டையர் மஸ்கட். அஜ்மான், ஜுபைல், மறுபடி தோஹா என்று மேஜையின் ஒரு பக்கம் முழுக்கப் போய் மறுபக்கம் சுற்றி வந்தது. எல்லாரும் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். கடைக்கோடியில் உட்கார்ந்திருந்த உயரமான பையன் ஒருவன் மட்டும் நிஜமாகவே விஸ்கான்சினிலிருந்து வந்திருந்தான். அமெரிக்கர் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையென்று அவன் விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்களாம். சொந்த நாட்டுக்காரர்கள் இத்தனை பேர் ஏன் தன்னோடு பேசவில்லை என்று இவ்வளவு நேரமும் அவன் பயந்துகொண்டிருந்தான்.

அந்த நேரத்தில் பென்விக் புகைப்படக்காரரோடு வந்து சேர்ந்தார். இருபது, இருபது என்று எண்ணிப் பார்த்துக் கண் கலங்கினார். அடுத்த ஆண்டுத் தகவலேட்டுக்கு ஒரு படம் வேண்டும். எல்லாரும் எழுந்து, உங்கள் ஊரில் எப்படி நிற்பீர்களோ அப்படி, இயல்பாக நில்லுங்கள் என்றார்.

எழுந்தார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. குட்டையானவர்கள் முன்னால் போனார்கள், உயரமானவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை. வளைகுடா இந்தியப் பள்ளிகளில் பன்னிரண்டு வருஷம் காலை அசெம்பிளியில் நின்றவர்களின் கைகள் தாமாகவே உயர்ந்து, முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டு, இடைவெளியை அளந்துவிட்டு இறங்கின. விஸ்கான்சின் பையன் ஒரு கணம் திகைத்து நின்றான். பிறகு பயந்துபோய்க் கடைசியில் சேர்ந்துகொண்டு, அவனும் கையை நீட்டினான்.

பென்விக் புகைப்படக்காரரின் காதருகே குனிந்தார்.

"எவ்வளவு இடம் விட்டு நிற்கிறார்கள் பாருங்கள்," என்றார். "பரந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகள்."